நூற்றொன்று புள்ளி நான்கு

இதனால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில்: நூற்றிரண்டு டிகிரிக்குக் குறைந்த காய்ச்சல் இத்தோட்டத்தில் காய்ச்சலாகக் கருதப்படமாட்டாது. அவ்வாறு கருதப்படாத காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரித் துண்டு வழங்கப்படமாட்டாது. துண்டின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்வோருக்கு லொறியோ லீவோ வேறெந்தச் சலுகையோ கிடையாது. பிள்ளைகளைப் பெற்ற தாய்மார் இதனைக் கருத்தூன்றி வாசித்து அதன்படி நடந்துகொள்வார்களாக.

ஒப்பம்: எஸ். எம். இக்னேஷியஸ், தோட்ட வைத்திய அதிகாரி.

இந்த அறிவித்தல் தோட்டத்து டிஸ்பென்சரிச் சுவரில், அடிமட்டம் வைத்து இழுத்த நான்கு கோடுகளுக்குள், சிவப்பு மையில் சிறைப்பட்டிருந்தது. தோட்ட வைத்திய அதிகாரி என்றொரு பதவி எந்தச் சம்பளப் பட்டியலிலும் இல்லை. பட்டியலில் இருந்தது மருந்து கலந்து கொடுக்கிறவருக்கான ஓர் இடம்தான். கையெழுத்து வைத்தவருக்கு இக்னேஷியஸ் என்ற பெயரும் பிறப்போடு வந்ததில்லை. ஞானஸ்நானத் தண்ணீரைத் தலையில் ஊற்றியபோது சாமியார் வைத்த பெயர் இஞ்ஞாசி. ஆனாலும் பலாபத்வலைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தின் மூன்று டிவிசன்களிலும் அவரை டொக்டரையா என்றே கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிடாதவர்களின் மருந்துப் போத்தலில் தண்ணீர் கொஞ்சம் தாராளமாக இருக்கும் என்றொரு பேச்சு தொழிலாளர் குடியிருந்த லயங்களில் இருந்தது.

1989ஆம் ஆண்டு, ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு, இஞ்ஞாசி தம்முடைய ஒரே மகள், ஏழு வயது மரிய கொறற்றியின் கக்கத்திலிருந்து தர்மாமீட்டரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார்.

நூற்றொன்று புள்ளி நான்கு.

அதில் ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருவதும் போவதும் உள்ளதுதான். காலை ஏழு மணிக்குப் பார்த்தபோதும் அதே நூற்றொன்று புள்ளி நான்குதான் இருந்தது என்பதைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினொரு மணிக்கும் அதுவே நின்றபோது மட்டும் புருவம் கொஞ்சம் சுருங்கியது. ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் அவர் பாதரசத்தை உதறி அடிவரைக்கும் இறக்கிவிட்டுத்தான் வைத்தார், ஒவ்வொரு தடவையும் அது ஏறிப்போய், சொல்லிவைத்த இடத்தில் மயிரிழை பிசகாமல் நின்றுகொண்டது, ஆனால் இடையில் பிள்ளையின் உடம்பு எவ்வளவோ மாறியிருந்தது. காலையில் வெயிலில் காய்ந்த துணியின் சூடு. இப்போதோ அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய சட்டியின் சூடு. அவள் உதடு வெடித்திருந்தது. கழுத்துக் குழி விட்டுவிட்டுத் துடித்தது.

அந்தத் தர்மாமீட்டர் சாமானியப்பட்டதல்ல. கடைசி வெள்ளைக்காரத் துரையின் மனைவி கப்பல் ஏறும்போது தன் கையாலேயே தந்துவிட்டுப் போனது. வெள்ளி உறை போட்டது. இஞ்ஞாசி அதைச் சட்டைப் பையில், மற்றவர்கள் பேனா குத்தும் இடத்தில் குத்தியிருப்பார். பூசைக்குப் போகும்போதும் அது அங்கேதான் இருக்கும். பதினைந்து வருஷமாக அது சொன்னதை அவர் எழுதினார். அவர் எழுதியதைத் தோட்டம் நம்பியது.

"என்னாங்க," என்றாள் தெரேசா. அவருடைய மனைவி, பிள்ளையின் காலடியில் உட்கார்ந்து பாதங்களை மாறி மாறித் தேய்த்துக்கொண்டிருந்தாள். "கடைசி பஸ்ஸு நாலரைக்கு. இப்ப எறங்குனா மாத்தளைக்குப் போயிறலாம்."

"எத்தன இருக்குன்னு கேளு மொதல்ல."

"எத்தன இருந்தா என்னாங்க? புள்ள காலையிலருந்து ஒண்ணுக்குப் போகல. கஞ்சித் தண்ணிய வாயில வச்சா வழியுது. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குது."

இஞ்ஞாசி தர்மாமீட்டரை உறைக்குள் போட்டார். அந்த மூன்று விஷயங்களையும், அதே வரிசையில், அவர் வேறொரு வாயால் கேட்டிருந்தார். இருபத்திரண்டு நாளுக்கு முன்பு.

அந்த வாய் நல்லம்மாவுடையது. கீழ் லயத்துக்காரி, கொக்கோக் காய் உடைக்கிறவள். நான்கு வயது மகன் முத்துவீரனைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். மழையிலும் அடுப்புப் புகையிலும் ஊறிய கறுப்புக் கம்பளி. கிழிந்த மூலையைச் சிவப்பு நூலால் தைத்திருந்தாள். டிஸ்பென்சரி வாசலில் அப்போது துரையின் ஜீப் நின்று ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்குத் தோட்டச் சுகாதார வாரத்தின் தொடக்க விழா. பெரிய பங்களாவில் இஞ்ஞாசி உரையாற்ற வேண்டும். உரையின் தலைப்பு, "சிறுவர் காய்ச்சலும் தாய்மாரின் அறியாமையும்". பதினொரு பக்கம்.

"புள்ளைய மூட்ட கட்டாதேன்னு எத்தன தரம் சொல்றது?" என்று கேட்டபடி அவர் இரண்டு விரலால் கம்பளியை உருவித் தரையில் போட்டார். அந்த அறிவுரை சரியானதுதான். காய்ச்சல் உடம்பைப் போர்த்தி அடைக்கக் கூடாது, காற்றுப் பட வேண்டும், வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துத் துடைக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்துக்கொண்டேயிருக்க வேண்டும். எல்லாம் அவர் உரையில் இருந்தன. முத்துவீரன் மட்டும் பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டு, தரையில் கிடந்த கம்பளியை நோக்கிக் கையை நீட்டியபடியே இருந்தான்.

"தண்ணி குடிக்க மாட்டேங்குதுங்க ஐயா. ஒண்ணுக்கும் போகல. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குது."

"நான் கத கேக்கல. எத்தன டிகிரின்னு பாக்குறேன்."

தர்மாமீட்டரை மூன்று நிமிஷம் கக்கத்தில் வைத்திருக்க வேண்டும். அன்றைய உரையிலும் அவர் அதை வலியுறுத்தினார். அந்த இடத்தில் துரையின் மனைவி தலையசைத்தாள். முத்துவீரனுக்குக் கிடைத்தது அரை நிமிஷம். ஜீப் மூன்றாம் முறை ஹோர்ன் அடித்தபோது உருவி எடுத்துவிட்டார். நூற்றொன்று புள்ளி நான்கு.

"இன்னொருக்கா வச்சிப் பாருங்க ஐயா. ஒடம்பு கொதிக்குதே."

"தர்மாமீட்டர் பொய் சொல்லாது, நல்லம்மா. நோட்டீசப் படி."

படிக்கத் தெரியாதவளிடம் அதைச் சொல்லிவிட்டு, அவள் கொண்டுவந்த போத்தலில் சிவப்பு மருந்தை ஊற்றிக் கொடுத்து, பேரேட்டில் நூற்றொன்று புள்ளி நான்கு என்று எழுதி, ஜீப்பில் ஏறினார். விடியுமுன் பையன் செத்துப்போனான். அந்தக் கம்பளியிலேயே சுற்றிப் புதைத்தார்கள்.

மறுநாள் நல்லம்மா டிஸ்பென்சரிக்கு வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்து இஞ்ஞாசி கங்காணியைக் கூட்டி வைத்துக்கொண்டிருந்தார். அவள் போத்தலை மேசையில் வைத்தாள். வெளிப்பக்கம் பளிச்சென்று கழுவியிருந்தது. உள்ளே முக்கால்வாசி மருந்து இருந்தது.

"மிச்சம் இருக்குங்க ஐயா," என்றாள். "வேற புள்ளைக்கு ஆகும்."

அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டாள். அந்தப் போத்தலை எறியவும் முடியாமல் யாருக்கும் கொடுக்கவும் முடியாமல் இஞ்ஞாசி அலுமாரியின் மேல்தட்டில், பின்னால் தள்ளி வைத்தார்.

"என்னாங்க, நான் பேசுறது கேக்குதா?"

"கேக்குது. நூத்திரெண்டு ஆகல தெரேசா. ஆகாம எப்பிடி நான் துண்டு எழுதுறது? ஊருக்கெல்லாம் ஒரு சட்டம், தம் புள்ளைக்கு ஒரு சட்டம்னு பேசமாட்டானுங்களா?"

"நம்ம புள்ளைக்கு யார்கிட்டங்க துண்டு காட்டணும்?"

இஞ்ஞாசி தொண்டையைக் கனைத்து, முன்னறைக்குப் போனார். அங்கே யாரும் பார்க்காதபடி தர்மாமீட்டரை உதறி, பாதரசம் அடியில் கிடப்பதை இரண்டு தரம் பார்த்துக்கொண்டு, தம் கக்கத்தில் செருகினார். சுவர்க் கடிகாரத்தில் முழுதாக மூன்று நிமிஷம்.

நூற்றொன்று புள்ளி நான்கு.

தமக்கும் லேசாகக் காய்ச்சல் இருக்கிறது போலும் என்று இஞ்ஞாசி முடிவு செய்தார். அந்த முடிவுக்கு வர அவருக்கு ஒரு கணம்கூடப் பிடிக்கவில்லை. வேறு முடிவு எதுவும் அவருக்குக் கட்டுப்படியாகாது. இந்தக் கண்ணாடிக் குச்சி இன்றைக்குப் பொய் சொல்கிறதென்றால், இருபத்திரண்டு நாளுக்கு முன்பு... அதற்கு மேல் அந்த நினைப்பை அவர் போகவிடவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்றிருந்தது.

நாலு முப்பத்தைந்துக்குக் கீழே ரோட்டு வளைவில் பஸ் ஹோர்ன் கேட்டது. தெரேசா பாதங்களைத் தேய்ப்பதை நிறுத்தி அந்தச் சத்தம் முழுதாகத் தேய்ந்து போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். அவரைப் பார்க்கவில்லை.

அந்த வருஷம் நாட்டை இரண்டு அரசாங்கங்கள் ஆண்டன. ஒன்று ரேடியோவில் ஊரடங்குச் சட்டம் போட்டது. மற்றது, காட்டுக்குள் இருந்த கிளர்ச்சிக்காரருடையது, இருட்டோடு வந்து, கையால் எழுதிய துண்டுகளைப் பஸ் தரிப்பிடத்திலும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்து மரத்திலும் ஒட்டிவிட்டுப் போனது: மாலை ஆறு மணிக்குப் பிறகு எந்த வீட்டிலும் விளக்கு எரியக் கூடாது, எவரும் வெளியில் நடமாடக் கூடாது. போன மாதம் கடைத்தெருவில் ஒருவர் தன் கடை விளக்கை அணைக்க மறந்தார். காலையில் அவரை வேலிக் கம்பத்தில் கண்டார்கள். இரண்டு அரசாங்கத்தின் மேலும் இஞ்ஞாசிக்கு உள்ளூர ஒரு மரியாதை இருந்தது. இரண்டும் தம்மைப் போலவே துண்டு எழுதி ஆள்பவை அல்லவா.

ஆறு மணிக்கு அவரே எழுந்து லாம்பை ஊதி அணைத்தார். இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் எரிந்த திரியையும் நசுக்கினார். ஜன்னல் கதவுகளைச் சாத்தினார். வீட்டுக்குள் இருள் மெதுவாக, கறுத்த பாகு பாத்திரத்தில் ஊற்றினாற்போல, மூலைகளில் முதலில் நிரம்பி, கட்டில் கால்களில் ஏறி, கடைசியில் பிள்ளையின் வெள்ளைப் பெட்டிக்கோட்டையும் மூடியது. கூரைத் தகரத்தில் மழை. கொக்கோ விதைகளைப் புளிக்க வைக்கும் கொட்டகையிலிருந்து வரும் காடிப் புளிப்பு வாடை. அதன் அடியில் கொத்தமல்லித் தண்ணீரின் மணம். அதற்கும் அடியில் இன்னொரு வாடை, நனைந்து காயாத உரோமம், பழைய புகை. மழை நாளில் எங்கிருந்தாவது அடிக்கும் என்று நினைத்துக்கொண்டார். கீழ் லயம் அரை மைல் தள்ளி இருந்தது.

துணியை நனைத்துப் பிழிந்தார். நெற்றி, கழுத்து, கக்கம், முழங்கை மடிப்பு; மறுபடி நெற்றி. கொறற்றி முனகினாள்.

"அப்பா."

"என்னம்மா? அப்பா இங்கதான் இருக்கேன்."

"தம்பி நடுங்குறான்."

தெரேசாவின் கை நின்றது. "எந்தத் தம்பிம்மா?"

"இவந்தான். சொவத்துப் பக்கம் படுத்திருக்கான். போத்திக்கக் கேக்குறான். அப்பா பிடுங்கிட்டாங்களாம்."

"காய்ச்ச பெதற்றல்," என்றார் இஞ்ஞாசி வேகமாக. "சாதாரணந்தான். கொழந்தைங்களுக்கு வாரதுதான். பயப்புடுறதுக்கு ஒண்ணும் இல்ல." உரையில் ஒன்பதாம் பக்கம். அவருடைய குரல் அவருக்கே மேடைக் குரலாகக் கேட்டது.

தெரேசா எழுந்தாள். அவள் சேலையைச் செருகிக்கொள்ளும் சரசரப்பு கேட்டது.

"நான் லயத்துக்குப் போறேன். நாலு ஆளக் கூட்டியாரேன். நாற்காலியில வச்சாவது தூக்கிட்டுப் போறோம்."

"பைத்தியமா ஒனக்கு? ஆறு மணிக்கு மேல வெளிய... அவனுங்க சுட்டுப்புடுவானுங்க."

"சுடட்டும்."

"இரு, துண்டு எழுதித் தாரேன். தொர கேட்டா..."

"ஒங்க துண்ட நீங்களே நெஞ்சுல ஒட்டிக்கோங்க," என்றாள் தெரேசா. பதினொரு வருஷத்தில் அவரிடம் அவள் அப்படிப் பேசியதில்லை. கதவு திறந்தது, மழைச் சத்தம் ஒரு கணம் பெரிதாகி மறுபடி சிறுத்தது. வாசலில் சேறு மிதிபடும் ஓசை, பிறகு மழை மட்டும்.

இருட்டில் அவரும் பிள்ளையும்.

இஞ்ஞாசி துடைத்துக்கொண்டேயிருந்தார். கை வேலை செய்தால் மனம் ஒரு இடத்தில் நிற்கும். துணியை நனைப்பார், பிழிவார், பாத்திரத்தில் சொட்டுகள் விழுவதைக் கேட்பார், கையால் தடவி நெற்றியைக் கண்டுபிடிப்பார். கொறற்றிக்கு அவர் கதை சொன்னதில்லை, தாலாட்டியதில்லை. அதெல்லாம் தெரேசாவின் இலாகா. இப்போது எதையாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்வதற்கு அந்தப் பதினொரு பக்கத்தைத் தவிர அவரிடம் எதுவும் இல்லை. "தாய்மார்களே," என்று அவர் வாய் தானாக ஆரம்பித்தது. வெட்கத்தோடு நிறுத்திக்கொண்டார்.

"தூங்கும்மா," என்றார். "அம்மா வந்துருவாங்க."

யாரோ முனகலாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். வார்த்தை இல்லாத, மூக்கால் இழுக்கும் ஆராரோ. அது எவ்வளவு நேரமாகக் கேட்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரேசா பாடுகிறாள் என்று நினைத்து, அந்த நினைப்பிலேயே சற்றுத் தேறி, இரண்டு தரம் துணியைப் பிழிந்தார். பிறகுதான் தெரேசா வீட்டில் இல்லை என்பது ஞாபகம் வந்தது.

துணியைப் பிழிவதை நிறுத்தினார். பாட்டும் நின்றது.

மழை.

பிள்ளையின் கையைத் தேடினார். அகப்பட்டது. மணிக்கட்டிலிருந்து தோள்வரை துடைத்தார். கொறற்றியின் இடக் கையில் ஒரு பிளாஸ்டிக் வளையல் கிடக்கும், திருவிழாவில் வாங்கியது. அது அகப்படவில்லை. வலக் கையாக இருக்கும். தோளிலிருந்து நெஞ்சுக்கு, நெஞ்சிலிருந்து வயிற்றுக்குத் துணியை இறக்கினார். வயிறு ஒட்டிப்போய்ச் சின்னதாக இருந்தது. இடுப்பில் விரல் எதிலோ தட்டியது.

கயிறு.

அரைஞாண் கயிறு. அதில் கோத்த தகரத் தாயத்து.

அவர் வீட்டில் யாரும் அரைஞாண் கட்டுவதில்லை. வேதக்காரர் வீட்டில் ஏது தாயத்து? அவருடைய மகளின் கழுத்தில் மாதா சுரூபம் போட்ட சங்கிலி இருந்தது. இடுப்பில் ஒன்றும் இல்லை.

கையை எடுக்கவில்லை. எடுத்தால் அங்கே கை இருந்தது என்று ஆகிவிடும். மெதுவாக, மிக மெதுவாக, விரல்களை வலப்பக்கம் நகர்த்தினார். பெட்டிக்கோட்டுத் துணி. சங்கிலி. சுரூபம். கொறற்றி. அவள் நெஞ்சு வேகமாக ஏறி இறங்கியது. சூடு.

"கொறற்றி."

"ம்."

"பக்கத்துல யாரு?"

"தம்பி," என்றாள் களைத்த குரலில், எத்தனை தரம் சொல்வது என்பதுபோல. "அவனுக்கும் பாருங்கப்பா. அரை நிமிஷம் போதாதாம்."

அந்த அரை நிமிஷம் அவருக்கும் நல்லம்மாவுக்கும் ஒரு செத்த பிள்ளைக்கும் மட்டும் தெரிந்தது.

இஞ்ஞாசி கட்டிலிலிருந்து பின்னால் நகர்ந்தார். பாத்திரம் கவிழ்ந்தது. தண்ணீர் அவர் பாதங்களைச் சுற்றி ஓடியது. தீப்பெட்டி அடுப்பங்கரையில். எடுத்துவந்து ஒரே ஒரு குச்சி கிழித்தால் போதும். ஆனால் ஜன்னல் இடுக்கு. வேலிக் கம்பம். கடைக்காரர். கிழிக்காமல் விட்ட தீக்குச்சிபோல அவர் நடு அறையில் நின்றார்.

அந்த நிமிஷத்தில்தான், உள்ளதைச் சொன்னால், அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒழுங்காக மருத்துவம் பார்த்தார். இருட்டில் கட்டிலருகே மண்டியிட்டு, தர்மாமீட்டரை உறையிலிருந்து எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு உதறினார். பத்து தரம். இருபது தரம். சுவர்ப்பக்கம் கையை நீட்டி, அங்கே கிடந்த சின்னக் கக்கத்தில் வைத்து, சின்னக் கையை மடக்கிப் பிடித்தார். குளிர்ந்த கை. ஈர மண் ஒட்டிய கை. கடிகாரம் தெரியாது. ஓர் அருள்நிறைந்த மரியே இருபது விநாடி. ஒன்பது சொன்னால் மூன்று நிமிஷம். ஒன்பதையும் சொன்னார். ஒன்றைக்கூடச் சுருக்கவில்லை.

"வச்சிட்டேம்பா," என்றார். "முழுசா வச்சிட்டேன். பாரு. என் புள்ளைய விட்டுரு."

மழை விட்டிருந்தது. கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் ஒன்று, இரண்டு என்று விழுந்தது. அந்த அமைதியில் இரண்டு மூச்சுகள் கேட்டன. ஒன்று வேகமாக. மற்றது நிதானமாக, தூங்குகிறவனின் மூச்சுபோல. பிறகு வேகமானதும் நிதானமானது. பிறகு இரண்டும் ஒரே தாளத்தில் போயின.

கொறற்றியின் நெற்றியைத் தொட்டார்.

சூடு குறைந்திருந்தது.

"எறங்குது," என்றார் இஞ்ஞாசி. கண்ணீர் வந்தது. "எறங்குது தெரேசா, எறங்குது!" வீட்டில் இல்லாதவளிடம் சொன்னார். கன்னத்தைத் தொட்டார். குளிர்ந்துகொண்டிருந்தது. கழுத்து. தோள். எல்லாம் நல்லபடியாகக் குளிர்ந்துகொண்டிருந்தது. பாதம் பனிக்கட்டியாக இருந்தது. போர்த்த வேண்டும் என்று தோன்றியது. அவர் போதனைக்கு நேர்மாறாக, எதையாவது எடுத்துப் போர்த்த வேண்டும் என்று தோன்றியது. தடவினார்.

ஏற்கெனவே போர்த்தியிருந்தது.

கனமாக. ஈரமாக. உரோமம் குத்தியது. மூலையில் தையல். விரலால் தொட்டாலே தெரியும் முரட்டுத் தையல்.

கம்பளி.

தூக்க வேண்டும். தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். சட்டம் கிடக்கட்டும். துண்டு கிடக்கட்டும். ரோட்டுக்கு ஓட வேண்டும். இரண்டு கையையும் அடியில் கொடுத்து, கம்பளியோடு சேர்த்து மகளை நெஞ்சுக்குத் தூக்கினார்.

தூக்க முடியவில்லை.

ஏழு வயதுப் பிள்ளை. நோய்ப்பட்டு எலும்பாகிப்போன பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை தோளில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோன பிள்ளை.

இரண்டு பிள்ளைகளின் கனம் இருந்தது. அதற்கு மேல் மண்ணின் கனமும் இருந்தது.

வாசலில் காலடிகள். பல காலடிகள். தெரேசாவின் குரல்: "இந்தப் பக்கம் வாங்க, இந்தப் பக்கம், சின்ன ரூம்புல." ஆண்கள் நாற்காலியைச் சுவரில் இடித்துக்கொண்டு வரும் சத்தம். கீழ் லயத்து அழகமுத்து மூச்சு வாங்கியபடி, "டொக்டரையா, பயப்புடாதீங்க, நாங்க ஆறு பேரு இருக்கோம், மாறி மாறித் தூக்குனா மூணு மணித்தியாலத்துல ஆஸ்பத்திரி," என்றான். அவர்களுக்கு முன்னால், எவன் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று திரியை முழுதாகத் தூண்டிவிட்ட லாம்போடு, ஒருத்தி அறைக்குள் வந்தாள்.

நல்லம்மா.

வெளிச்சம் முதலில் தரையில் விழுந்தது. கவிழ்ந்த பாத்திரம். தண்ணீர். அந்தத் தண்ணீரில் வாசலிலிருந்து கட்டில்வரை வரிசையாக, சேற்றுக் கால் தடங்கள். ஒரு சாண்கூட இல்லாத கால். வந்த தடம் மட்டும் இருந்தது. திரும்பிய தடம் இல்லை.

பிறகு வெளிச்சம் கட்டிலில் ஏறியது.

கறுப்புக் கம்பளி. மூலையில் சிவப்பு நூல். அதன் ஒரு முனையில் கொறற்றியின் முகம், வாய் சற்றுத் திறந்து, கண் பாதி மூடி. அவள் கழுத்தைச் சுற்றி, குளிருக்கு அணைத்துக்கொள்கிறவன் போல, மண் அப்பிய ஒரு சின்னக் கை கிடந்தது. கையின் மிச்சம் கம்பளிக்குள் இருந்தது. மறுமுனையில் கம்பளி எட்டாமல் நான்கு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டு, இரத்தம் வற்றி வெளுத்தவை. இரண்டு கறுப்பு, நகக்கண் நிறைய மண்.

கம்பளி ஏறி இறங்கவில்லை.

அழகமுத்துவின் கையிலிருந்து நாற்காலி விழுந்தது. தெரேசா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். நல்லம்மா லாம்பைக் கட்டில் தலைமாட்டில் வைத்தாள். குனிந்து, கறுப்புப் பாதங்கள் இரண்டையும் கம்பளியை இழுத்து மூடினாள். பிறகு, சற்று யோசித்து, வெளுத்த பாதங்களையும் மூடினாள். நிமிர்ந்து, டிஸ்பென்சரியில் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவள் போலக் கையைக் கட்டிக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"எத்தன இருக்குங்க ஐயா?"

இஞ்ஞாசியின் கை தானாகப் போயிற்று. கம்பளிக்குள் நுழைந்து, மடங்கியிருந்த அந்தக் கக்கத்திலிருந்து தர்மாமீட்டரை எடுத்தது, வெளிச்சத்தில் உருட்டியது. பதினைந்து வருஷப் பழக்கம். உதடும் தானாகத்தான் வாசித்தது.

நூற்றொன்று புள்ளி நான்கு.

துண்டு கொடுக்கும் அளவுக்குக் காய்ச்சல் இல்லை.